பெக்கோவுக்கு எண்ணெய்க்காப்பு

— ஐயா, உது எண்ணெய் இல்லை. உது தொதல்.

— தம்பி கஜீவன், கொஞ்சம் அடக்கிக் கதை. கோயில் வீதியிலை நிக்கிறாய்.

— அடக்கித்தான் கதைக்கிறன். நீங்களே விரலாலை தொட்டுப் பாருங்கோ. பில்டருக்குள்ளை இருந்து வழிச்சு எடுத்தனான். கத்தி இருந்தால் துண்டு போடலாம்.

— எனக்கு உதெல்லாம் வேண்டாம். நான் முப்பத்திரண்டு வருசம் கணக்குப் படிப்பிச்சவன், இப்ப இந்தக் கோயிலுக்குச் செயலாளர். சுருக்கமாச் சொல்லு. நாளைக்குக் காலமை எட்டு மணிக்குத் தேர். மண் வெட்டுற இந்தப் பெக்கோ மிஷின் தேரை இழுக்குமோ, இழுக்காதோ?

— இழுக்காது.

— அவ்வளவு சுருக்கமா வேண்டாம்.

— லெனாட் அண்ணை, நீங்கள்தானே றைவர். ஒருக்கா ஸ்டாட் பண்ணி ஐயாவுக்குக் காட்டுங்கோ.

— பாஸ், விடியத் தொடக்கம் நாலு தரம் காட்டிப்போட்டன். என்ஜின் பிழையில்லை சேர். மண் அள்ளுற முன் பக்கெற்தான் நிலத்தை விட்டு எழும்புதில்லை. பம்ப், மாதாவே, பன்றி அறுக்கிற மாதிரிக் கத்துது.

— லெனாட்டு! கோயில் வீதி!

— ஆடு அறுக்கிற மாதிரி, சேர்.

— பக்கெற் எழும்பாட்டில் என்ன குடி முழுகிப் போச்சு? நாங்கள் மண்ணே அள்ளப் போறம்? பின்னாலை சங்கிலியைக் கட்டித் தேரை இழுக்கிறதுதானே வேலை.

— பக்கெற்றை இழுத்துக்கொண்டு போனால் வீதி முழுக்க உழுதுபோடும் ஐயா. அதை விடுங்கோ. ஸ்டியரிங்கும் இந்த எண்ணெயிலைதான் வேலை செய்யுது. எண்ணெய் சரியில்லாட்டில் மிஷின் திரும்பாது.

— திரும்பாட்டில்?

— கிழக்கு வீதியிலை வெளிக்கிட்டால் தெற்கு வீதிக்குத் திரும்பாது. தேர் நேரை உரும்பிராய்ச் சந்திக்குப் போகும்.

— அம்பாள் உரும்பிராய்ச் சந்தியிலை நிண்டு என்ன செய்யிறது?

— அதை நிர்வாகசபைதான் தீர்மானிக்க வேணும் ஐயா.

— மானிப்பாயிலை இருந்து உன்னைக் கூப்பிட்டது மிஷின் திருத்த, பகிடி கேக்கிறதுக்கில்லை, விளங்குதோ? மூண்டு வருசம் இதே மிஷின் ஒரு முக்கல் முனகல் இல்லாமல் இழுத்தது. இந்த வருசம் மட்டும் என்ன வந்தது?

— அதைத்தான் நானும் கேக்கிறன். இந்த வருசம் ராங்கிக்குள்ளை என்ன ஊத்தினது?

— எண்ணெய்.

— என்ன எண்ணெய்?

— உபயகாரர் தந்த எண்ணெய்.

— எத்தினை உபயகாரர்?

— மூண்டு குடும்பம். கொடியேத்தத்தண்டு மிஷினுக்கு எண்ணெய்க்காப்பு வைச்சனாங்கள். இந்தா, திருவிழா நோட்டீஸ், விஞ்ஞாபனத்திலை நாலாம் பக்கம். பேரோடை அச்சடிச்சிருக்கு.

— மிஷினுக்கு எண்ணெய்க்காப்போ?

— ஏன், கும்பாபிசேகத்துக்குச் சனம் வரிசையிலை வந்து சுவாமிக்கு எண்ணெய் சாத்துதில்லையே? ரொறன்ரோவிலை இருக்கிற எங்கடை ஊர்ச் சங்கம் வாங்கித் தந்த மிஷின். அதுக்கும் ஒரு மரியாதை வேணும். உபயகாரர் ஒவ்வொருத்தரா வந்து தங்கடை கையாலை ஊத்தினவை. நாதசுரம், தவில், வீடியோ எல்லாம் இருந்தது. யூரியூப்பிலை கிடக்கு, பார்.

— மூண்டு குடும்பமும் ஒரே எண்ணெயோ?

— அதெப்பிடி ஒண்டா இருக்கும்? அவையவைக்கு ஒரு தராதரம் இருக்கெல்லோ. லெனாட்டு பக்கத்திலை குடை பிடிச்சுக்கொண்டு நிண்டவன். சொல்லு லெனாட்டு.

— முதல் தில்லைநாதன் ஐயா, பாஸ். சுவிசிலை இருந்து வந்தவர். கப்பல் பெட்டியிலை முன்கூட்டியே அனுப்பி வைச்ச கான். கானிலை மஞ்சள் பூவொண்டின்ரை படம் போட்டிருந்தது.

— அது தாவர எண்ணெய் தம்பி. அங்கை காட்டுக்குள்ளை வேலை செய்யிற மிஷினுக்கு அதுதானாம் விடுறது, நிலத்திலை சிந்தினாலும் மண்ணுக்குக் கேடில்லையாம். சுத்த சைவம். எங்கடை கோயிலுக்கு உதைவிடப் பொருத்தமா என்ன கிடக்கு?

— கோயிலுக்குப் பொருத்தம் ஐயா. மிஷினுக்குப் பொருத்தமில்லை. இதுக்குள்ளை ஏற்கெனவே கிடந்தது நிலத்துக்குள்ளை இருந்து எடுக்கிற எண்ணெய். பம்ப் தேயாமல் இருக்கிறதுக்கு அதிலை ஒரு மருந்து சேத்திருக்கும். அந்த மருந்தும் சுவிஸ் எண்ணெயும் ஒத்துப்போகாது. சூடு ஏற ஏற சவர்க்காரம் மாதிரித் திரண்டு பில்டரை அடைக்கும். பிறகு, லெனாட் அண்ணை?

— பிறகு சண்முகநாதன் முதலாளி. அவருக்கு நாலு லொறி ஓடுது. லொறி என்ஜினுக்கு விடுற ஒயில் கொண்டுவந்தவர். நான் வாயைத் திறக்க முதல் ஊத்திப்போட்டார்.

— என்ஜின் ஒயில் ஊத்தை கழுவுற சாதி. ராங்கிக்குள்ளை தண்ணி வேர்த்தால் அதையும் பிடிச்சு வைச்சுக்கொள்ளும். நுரைக்கும். சரி, மூண்டாவது?

— கனகாம்பிகை ரீச்சர். அவ மிஷின் எண்ணெய் வாங்கேல்லை. ரெண்டு போத்தல் நல்லெண்ணெய்.

— விளக்குக்கோ?

— இல்லை பாஸ். ராங்கிக்குள்ளைதான். சனி தோசம் கழியுறதுக்கு.

— ஆருக்குச் சனி?

— மிஷினுக்கு.

— இப்ப பிடிச்சிட்டுது.

— சரி சரி, காணும். தம்பி, நான் ஒண்டு கேக்கிறன், படிச்ச பெடியனா நிண்டு பதில் சொல்லு. எண்ணெய் எல்லாம் எண்ணெய்தானே? உதுக்குள்ளை என்னத்துக்கு ஒரு பிரிவினை? எல்லாம் ஒண்டாச் சேர்ந்தால் பலம் கூடத்தானே வேணும்?

— நான் வைச்ச பிரிவினை இல்லை ஐயா. மிஷினோடை வந்த புத்தகத்திலை இருக்கு. நாற்பத்தாறு எண்டு இலக்கம் போட்ட எண்ணெய்தான் விடலாம், அதுவும் இன்ன வகை எண்டு எழுதியிருக்கு. வேறையோடை கலக்கக் கூடாது எண்டு சிவப்பு எழுத்திலை போட்டிருக்கு.

— வெள்ளைக்காரன் எழுதின புத்தகம்.

— வெள்ளைக்காரன் செய்த மிஷின்.

— இப்ப என்ன செய்ய வேணும்? சுருக்கமா.

— எல்லாத்தையும் வடிச்சு, ராங்கியைத் துடைச்சு, புதுப் பில்டர் போட்டு, எண்பது லீற்றர் நாற்பத்தாறு விட வேணும். எண்பதும் ஒரே எண்ணெயா இருக்க வேணும். இப்ப ரெண்டு மணி. எண்ணெய் கையிலை இருந்தால் ஆறு மணிக்குள்ளை முடிக்கலாம்.

— அப்ப வாங்கு.

— இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை ஐயா. ரவுணிலை எண்ணெய்க் கடையெல்லாம் பூட்டு. வாற வழியிலை கோப்பாயிலை ஒரு ஹாட்வெயார் திறந்து கிடந்தது. ரெண்டு கான் அறுபத்தெட்டு வைச்சிருக்கிறான், ரெண்டு கான் முப்பத்திரண்டு வைச்சிருக்கிறான். கான் ஒண்டு இருபது லீற்றர். நாற்பத்தாறு இல்லை.

— பொறு. அறுபத்தெட்டும் முப்பத்திரண்டும் நூறு. ரெண்டாலை பிரிச்சால் அம்பது. நாற்பத்தாறுக்குக் கிட்டத்தானே? நாலு கானும் எண்பது லீற்றர். கணக்கு முடிஞ்சுது!

— ஐயா, இண்டைக்கு நீங்கள் சொன்னதுக்குள்ளை உதுதான் ஓரளவுக்குச் சரி. தடிப்பு அப்பிடித்தான் வரும். ஆனால் ரெண்டும் வேறை வேறை கொம்பனி. எவன் என்ன மருந்து சேத்திருக்கிறான் எண்டு கானிலை போடேல்லை. ரெண்டு போத்தல் நல்லெண்ணெயோடையே மிஷின் இந்தப் பாடு படுது. தேர் நடு வீதியிலை நிண்டால் ஆர் பொறுப்பு?

— நடு வீதியிலை நிக்கக் கூடாது. தேர் வெளிக்கிட்டால் நாலு வீதியும் சுத்தி இருப்புக்கு வந்து சேர வேணும். நிண்டால் ஊருக்கே கூடாது எண்டு சொல்லுவினம். பிறகு என்ரை பேர்தான் அடிபடும். செயலாளரா இருந்த சோமசேகரத்தின்ரை காலத்திலை தேர் நிண்டது எண்டு நூறு வருசத்துக்குச் சொல்லுவாங்கள்.

— மிஷின் வாங்க முதல் எப்பிடி இழுத்தனியள்?

— கயிறு. சனம் இழுத்தது.

— அப்ப நாளைக்கும் சனம் இழுக்கட்டுமன்.

— சனம் எங்கை தம்பி இருக்கு? கனடா, சுவிஸ், லண்டன். ஊரிலை நிக்கிறது என்னை மாதிரி முழங்கால் வருத்தக்காரர்தான். எங்கடை ஆக்கள் இருபத்தேழு பேர், அதிலையும் ரெண்டு பேருக்குப் பைபாஸ். தேர் இழுக்க நூறு பேராவது வேணும்.

— சேர், நான் ஒண்டு சொல்லட்டோ?

— சொல்லாதை.

— இல்லை சேர், இண்டைக்கு வரேக்கை பாத்தனான். குளத்துக்கு அந்தப் பக்கம் பெடியள் தண்ணீர்ப்பந்தல் போடுறாங்கள். ஒரு நூற்றைம்பது பேர் நிப்பினம். எல்லாம் நல்ல தேகம்.

— அவை வேறை.

— வேறை எண்டால், சேர்? அவையும் சைவம்தானே?

— சைவம்தான்.

— எங்கடை ஆக்கள் வேதம், மாதா கோயில்காரர். என்னை மிஷின் ஓட விட்டிருக்கிறியள். விடியக் கூடச் சூடை மீன் பொரியலும் பாணும் சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான்.

— சூடை மீனோ! திருவிழாப் பத்து நாளும் மச்சம் தொடக் கூடாது எண்டு உனக்கு நான் சொல்லேல்லையோ?

— மிஷின் பழுதெண்டோடனை இனித் திருவிழா இல்லையாக்கும் எண்டு நினைச்சிட்டன் சேர்.

— ஐயா, அண்ணை கேட்டது ஞாயம்தானே. மீன் சாப்பிட்ட லெனாட் அண்ணை தேர் இழுக்கலாம் எண்டால்...

— அவன் இழுக்கேல்லை. மிஷின் இழுக்குது. அவன் உள்ளை இருந்து ஸ்டியரிங் பிடிக்கிறான். கயிறு தொடுறது வேறை விசயம், விளங்குதோ? அங்காலை சுபாஸ் எண்டு ஒருத்தன், விளையாட்டுக் கழகத் தலைவராம். நாலு வருசமாக் கடிதத்துக்கு மேலை கடிதம். எங்களுக்கும் கயிறு பிடிக்க இடம் தாங்கோ எண்டு. எழுத்துப் பிழை ஒண்டு கூட இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

— முதல் கடிதத்துக்கு என்ன பதில் போட்டனியள்?

— மிஷின் வாங்கினனாங்கள்.

— ஆக்கள் இல்லாததாலை வாங்கினது எண்டல்லோ இப்ப சொன்னனியள்?

— ரெண்டும் ஒண்டுதான்.

— அவையும் எங்களோடை கலக்கக் கூடாது எண்டு ஏதும் புத்தகத்திலை இருக்கோ ஐயா?

— அது வழிவழியா வந்த வழமை. அதுக்குப் புத்தகம் தேவையில்லை. நீ எண்ணெயைப் பார்.

— எண்ணெய் இருந்தால் பாக்கலாம்.

— சேர்... எண்ணெய் இருக்கு.

— எங்கை?

— மிஷின் கொட்டிலுக்குப் பின்னாலை. தறப்பாளாலை மூடிக் கிடக்கு. நாலு நீலக் கான்.

— ஓ, அதுவோ. அது பேரில்லாத உபயம் தம்பி. ஆரோ கொண்டுவந்து வைச்சிட்டுப் போயிருக்கினம். பேர் இல்லாட்டில் விஞ்ஞாபனத்திலை என்னெண்டு போடுறது? ஒலிபெருக்கியிலை ஆரைச் சொல்லுறது? அதுதான் எண்ணெய்க்காப்புக்கு எடுக்கேல்லை.

— அண்ணை, ஒரு கானை இஞ்சை உருட்டிக்கொண்டு வாங்கோ பாப்பம்... ம்.

— என்ன ம்?

— நாற்பத்தாறு. புத்தகத்திலை சொன்ன அதே வகை. சீல் உடையேல்லை. போன மாதத் திகதி. கானோடை என்னவோ கட்டிக் கிடக்கு... பில்டர், ஐயா. இந்த மிஷின்ரை இலக்கமே போட்டிருக்கு. நான் கொண்டுவந்ததைவிட நல்ல பில்டர்.

— பாத்தியோ! அம்பாளின்ரை திருவிளையாடலைப் பாத்தியோ! ஆபத்துக்கு எடுத்து வைச்ச மாதிரி நாலு கான், எண்பது லீற்றர்!

— இதைத் தந்தவர் இந்த மிஷினை வடிவாத் தெரிஞ்ச ஆள். சும்மா உபயத்துக்கு வாங்கின ஆள் இல்லை.

— தில்லைநாதன்ரை மருமோன் கோகுலன். அவன்தான். எஞ்சினியர். மாமனார் பிழையான எண்ணெய் கொண்டுவாறது தெரிஞ்சு, அவரின்ரை மானத்தை வாங்காமல் சத்தமில்லாமல் சரியானதைக் கொண்டுவந்து வைச்சிருக்கிறான். லெனாட்டு, நீ கொட்டிலடியிலைதானே கிடக்கிறனி. ஆர் வைச்சதெண்டு கண்டனியோ?

— பேர் சொல்ல வேண்டாம் எண்டு சொன்னவர் சேர்.

— கேட்டியோ தம்பி! அதுதான் பரம்பரைக் குணம் எண்டுறது. எத்தினை பேர் ரியூப் லைற்றிலை பேர் எழுதி வெளிச்சத்தையே மறைக்கிறாங்கள். இது பார், நாலு கான் எண்ணெய், பேர் வேண்டாமாம். ஊத்து தம்பி, ஊத்து!

— ஊத்த முதல் வடிக்க வேணும் ஐயா. தள்ளி நில்லுங்கோ, வேட்டியிலை தெறிக்கும்.

— என்ன மணம் உது?

— நல்லெண்ணெய் கருகின மணம்.

— எவ்வளவு நேரம் எடுக்கும்?

— உங்கடை மூண்டு உபயகாரரும் கெதியா இறங்குற ஆக்கள் இல்லை. இருங்கோ. அண்ணை, அந்தத் துணியைத் தாங்கோ. அடியிலை தடவத் தடவ வருது. ராங்கிக்குள்ளை ஒரு பூவும் கிடக்கு ஐயா.

— அது ஐயர் அருச்சிச்சது.

— சரி. பில்டர் போட்டாச்சு. அண்ணை, கானைச் சரியுங்கோ. மெள்ள... அடுத்தது... ரெண்டு... மூண்டு... கடைசிக் கான். மூடியைப் பூட்டுங்கோ. இப்ப ஸ்டாட் பண்ணிப்போட்டு ஒண்டையும் தொடாமல் இருங்கோ. காத்துப் போகட்டும்.

— பாஸ், கத்துற சத்தம் குறையுது.

— குறையும். பொறுங்கோ. இப்ப கொஞ்சமாத் தூக்குங்கோ. இறக்குங்கோ. திரும்பத் தூக்குங்கோ.

— எழும்புது! தாயே! எழும்புது லெனாட்டு!

— ஓம் சேர். ஸ்டியரிங்கும் பஞ்சு மாதிரி.

— குழாய்களுக்குள்ளை பழசு கொஞ்சம் மிச்சம் இருக்கும் ஐயா. திருவிழா முடிஞ்ச கையோடை இன்னொருக்கா வடிச்சு மாத்த வேணும். நாளைக்கு வீதி சுத்துறதுக்கு இது காணும்.

— காணும், காணும். தம்பி, நீ இஞ்சையே நில்லு. நான் இப்பவே ஒலிபெருக்கியிலை சொல்லிப்போட்டு வாறன். மத்தியானம் தொடக்கம் ஊர் முழுக்க மிஷின் பழுது, தேர் ஓடாது எண்டு கதைக்கிறாங்கள்.

— ஐயா, எண்ணெய் தந்தவர் பேர் வேண்டாம் எண்டவரெல்லே?

— பேர் சொல்லாமல் சொல்லுவன். எனக்குப் படிப்பிக்காதை... ஹலோ. ஹலோ. மைக் சோதனை. ஒன்று, இரண்டு. அன்பார்ந்த அம்பாள் அடியார்களே! நாளைய தினம் காலை எட்டு மணிக்கு அம்பாளின் தேர்த் திருவிழா எவ்வித தடையுமின்றி நடைபெறும் என்பதை மகிழ்ச்சியோடு அறியத்தருகின்றோம். நீல நிறக் கான்களில் எண்ணெய் வழங்கித் தேரோட்டத்தைக் காப்பாற்றிய, தன் பெயரைக் கூற விரும்பாத அடியாருக்கு எமது நன்றி. நாளை தேர் இருப்பை வந்தடைந்ததும், மாலை அணிவித்து, வெற்றிலை பாக்கோடு கோயிலின் முதல் மரியாதையான முதற் காளாஞ்சி அவருக்கே வழங்கப்படும். அவர் யாராக இருந்தாலும் முன்வந்து பெற்றுக்கொள்ள வேண்டும். இது நிர்வாக சபையின் ஏகமனதான தீர்மானம். மீண்டும் கூறுகின்றோம், யாராக இருந்தாலும் முன்வந்து பெற்றுக்கொள்ள வேண்டும்.

— முதல் காளாஞ்சியோ? அதுக்காக உங்கடை ஊரிலை கோட்டிலை வழக்குப் போட்ட ஆக்களும் இருக்கினமெல்லே, ஐயா?

— இருக்கினம். சண்முகநாதனும் தில்லைநாதனும் ஆறு வருசமாக் கதைக்கிறதில்லை. இப்ப தில்லைநாதன்ரை மருமோனுக்குப் போகுது. சண்முகநாதன் நாளைக்குச் சாப்பிட மாட்டான். ஆனால் ஊருக்கே சொல்லியாச்சு, இனி ஆரும் மாத்தேலாது. அது சரி, என்ன சத்தம் உது?

— கைதட்டுறினம் சேர்.

— எங்கை?

— குளத்துக்கு அந்தப் பக்கம்.

— உவை ஏன் கைதட்டுறினம்?

— வெடியும் கொளுத்துறாங்கள் பாஸ்.

— லெனாட்டு.

— சேர்.

— எண்ணெய் ஆர் தந்தது?

— பேர் சொல்ல வேண்டாம் எண்டு...

— நான் கேக்கிறன்.

— சுபாஸ், சேர். ரோட்டுக் கொம்பனியிலை பெக்கோ ஓடுறவர். எனக்குப் பெக்கோ பழக்கினதும் அவர்தான்.

— தம்பி, வடி.

— என்னத்தை, ஐயா?

— எல்லாத்தையும். ஒரு சொட்டும் இருக்கக் கூடாது. வடி!

— வடிக்கலாம். ஒரு மணித்தியாலம். பிறகு மிஷின் நகராது. நாளைக்கு எட்டு மணிக்கு இழுக்கிறதுக்கு நூறு பேர் வேணும். எங்கை எடுக்கிறது எண்டு உங்களுக்குத் தெரியும்.

— சேர், இப்ப வடிச்சும் பிரயோசனம் இல்லை. மூண்டு வருசமும் நான் ஊத்தினது அந்த ஆள் தந்ததைத்தான். இந்த முறைதான் நீங்கள் எண்ணெய்க்காப்பு வைச்சது.

— மூண்டு தேருமோ?

— மூண்டும் சேர்.

— அவன்... அவன் வேறை ஏதும் சொன்னவனோ?

— முதல் கான் தரேக்கை ஒண்டு சொன்னவர் சேர். "எங்களைத்தான் கயிறு தொட விடாயினம் அண்ணை, எங்கடை எண்ணெயாவது இழுக்கட்டும்" எண்டவர்.